சம்பந்தியோடு மலை ஏறும் முறை

தன் சம்பந்தியை அரைக்கால் சட்டையில் பார்த்தவர்கள் ராயபுரம், தண்டையார்பேட்டைப் பக்கம் அதிகம் பேர் இருக்க மாட்டார்கள். நான் பார்த்திருக்கிறேன். ரயில் பாதைக்கு மேலே போகும் மேம்பாலம், விடிந்தும் விடியாத நேரம். துறைமுகத்துக்குள் போக வேண்டிய கன்டெய்னர் லாரிகள் வழக்கம்போல வரிசையாக நின்றுகொண்டிருந்தன. அவற்றின் ஓரமாக ஒரு பழைய சைக்கிளை எழுந்து நின்று மிதித்தபடி ஒருவர் மேலே வந்துகொண்டிருந்தார். மருத்துவர் கட்டளைப்படி நடக்கப் போயிருந்த நான் முதலில் முழங்கால்களைத்தான் பார்த்தேன். பிறகு முகத்தைப் பார்த்தேன். என் மகளின் மாமனார். சம்பந்தி என்றால் வெள்ளை வேட்டி, இஸ்திரி போட்ட சட்டை, கையில் ஒரு பழத்தட்டு என்றுதான் எனக்குப் பழக்கம். இந்தக் கோலத்தில் அவரை எதிர்கொள்ள நடைமுறை எதுவும் வகுக்கப்பட்டிருக்கவில்லை. எனவே கைப்பிடிச் சுவர் பக்கம் திரும்பி, கீழே போகும் ரயிலைக் கவனமாகப் பார்ப்பவனைப்போல நின்றேன். அப்போது ரயில் எதுவும் போகவில்லை.

“இன்னா சம்பந்தி, காத்து வாங்குறீங்களா?” என்றார். அடுத்த நொடி சைக்கிளைவிட்டு இறங்கியும் விட்டார். நான் தரையில் நிற்கும்போது அவர் சைக்கிள்மேல் இருப்பது மரியாதையில்லை என்று தோன்றியிருக்க வேண்டும். பின்னால் நின்ற லாரியிலிருந்து கிளீனர் தலையை நீட்டினான்.

“யோவ் நைனா, காலைலேர்ந்து பாலத்துல ஏறிக்கினு எறங்கிக்கினு கீறியே, எதுனா தொலைச்சிட்டியா?”

“உன் வண்டி எப்ப நவுறும்னு பாத்துக்கினு கீறேன்டா,” என்றார் சம்பந்தி. கிளீனர் சிரித்தான். வண்டி நகரவில்லை.

நான் துறைமுகத்தில் சரக்கு வெளியேற்றும் பிரிவில் இருந்து ஓய்வு பெற்றவன். எந்தப் பெட்டி, யாருடைய கையெழுத்துக்குப் பிறகு, எந்த வாசல் வழியாக வெளியே போகலாம் என்பது எனக்குத் தூக்கத்திலும் தெரியும். சம்பந்தி காசிமேட்டில் விசைப்படகு எஞ்சின் பழுது பார்க்கும் பட்டறை வைத்திருந்தார். என் மகளும் அவருடைய ஒரே மகனும் கல்லூரியில் ஒன்றாகப் படித்தார்கள், எங்களைக் கேட்காமல் முடிவெடுத்தார்கள், பிறகு கேட்டார்கள். நாங்களும் யோசிப்பதுபோல யோசித்துச் சம்மதம் சொன்னோம். கல்யாணமான கையோடு இருவரும் இத்தாலிக்குப் போய்விட்டார்கள். வடக்கே மலைகளுக்கு நடுவில் ஒரு சின்ன ஊர். மாப்பிள்ளைக்கு இயந்திரத் தொழிற்சாலையில் வேலை, மகளுக்கு ஓர் ஆய்வகத்தில். ஞாயிற்றுக்கிழமை வந்தால் மாப்பிள்ளை சைக்கிளை எடுத்துக்கொண்டோ, முதுகுப்பையை மாட்டிக்கொண்டோ மலைக்குப் போய்விடுவார். அந்த ஊரில் கோயிலுக்குப் போகிறவர்களைவிட மலைக்குப் போகிறவர்கள்தான் அதிகம் என்று மகள் சொல்வாள்.

சம்பந்திக்கு மகனிடம் ஒன்று கேட்க வேண்டியிருந்தது. திருவொற்றியூரில் அவர் கட்டிய வீட்டின் மாடி, மகனுக்கும் மருமகளுக்கும் என்றே கட்டியது. இரண்டு வருடம் போய்விட்டு வருகிறோம் என்று சொல்லிவிட்டுப் போனவர்கள். அந்த இரண்டு வருடம் எப்போதோ முடிந்துவிட்டது. மாடி பூட்டியே கிடந்தது. ஒவ்வொரு பொங்கலுக்கும் சம்பந்தி அதற்கு வெள்ளையடிப்பார். “எப்போடா வர்றீங்க?” என்று போனில் கேட்டால், “பாக்கலாம் நைனா” என்று பதில் வரும். போனில் வேலைக்காகாது, நேரில் முகத்தைப் பார்த்துக் கேட்க வேண்டும் என்று தீர்மானித்தார். ஆனால் இத்தாலிக்கே போனாலும் மகன் வார நாளில் வேலையில் இருப்பான், வீட்டில் மருமகளும், கூட வரப்போகும் இரண்டு அம்மாக்களும் இருப்பார்கள். மகன் தனியாகக் கிடைக்கும் ஒரே இடம் மலை. ஆகவே மலை ஏற வேண்டும். ஆகவே மேம்பாலம்.

இதெல்லாம் எனக்குப் பின்னால்தான் தெரிந்தது. வாசகரைக் காக்க வைக்க விருப்பமில்லாமல் முன்பே சொல்லிவிடுகிறேன். மக்களைக் காக்க வைத்தே பணிக்காலம் முழுவதும் சம்பளம் வாங்கியவன் நான், அந்தச் சுகம் எனக்குப் போதும்.

அன்றைக்கு அவர் சொன்னது, “சும்மா ஒரு பிராட்டீஸு சம்பந்தி, பசங்க கூட மலைக்குப் போவணும்ல” என்பதுதான். வீட்டில் வந்து சொன்னேன். நாங்களும்தான் சம்பந்தி வீட்டாரோடு இத்தாலிக்குப் போவதாக இருந்தது. என் மனைவி அடுப்பிலிருந்து திரும்பாமலே கேட்டாள்: “சம்பந்தி சைக்கிள் மிதிக்கிறார், நீங்க போர்வைக்குள்ள கிடந்தா நல்லாவா இருக்கு? பொண்ணு வீட்டுக்காரங்க சோம்பேறின்னு நாளைக்கு ஒரு பேச்சு வராதா?” மறுநாள் நானும் ஒரு சைக்கிளோடு பாலத்தடியில் நின்றேன்.

எங்கள் பகுதியில் கடல் மட்டத்துக்கு மேலே சொல்லும்படியாக இருப்பவை இரண்டுதான். ஒன்று மேம்பாலம், மற்றொன்று கொடுங்கையூர்க் குப்பை மேடு. இரண்டாவதில் காற்று ஒத்துழைக்காது. எனவே பாலத்திலேயே ஏறி இறங்கினோம். சலித்தால் எண்ணூர் வரை போய், கத்திவாக்கத்தில் வலை பின்னுகிறவர்களைப் பார்த்துவிட்டு, டீ குடித்துவிட்டுத் திரும்புவோம். அங்கே சம்பந்திக்குத் தெரியாத படகுக்காரர் கிடையாது. “இன்னாண்ணே, டவுசரு போட்டுக்கினு? எலெக்சன்ல நிக்கிறியா?” என்று யாராவது கேட்பார்கள். “இவர் என் சம்பந்தி” என்று என்னை அறிமுகப்படுத்துவார். உடனே எல்லோரும் என் முழங்கால்களைப் பார்ப்பார்கள். பழகிவிட்டது. பக்கவாட்டில் இன்று மெட்ரோ போகிறது, லாரிகள் அதே இடத்தில் நிற்கின்றன, நாங்களும் முடிந்த நாட்களில் பாலம் ஏறுகிறோம். மூச்சு மட்டும் முன்னைவிடச் சத்தமாக வருகிறது.

சம்பந்தியோடு சைக்கிள் ஓட்டுவதில் உள்ள சிரமங்களை ஓட்டியவர்தான் அறிவார். அவரை முந்தக்கூடாது, முந்தினால் மரியாதைக் குறைவு. பின்தங்கவும் கூடாது, தங்கினால் அவர் நிற்பார், அவரை நிற்க வைப்பது அதைவிடக் குறைவு. களைத்துவிட்டேன் என்று நானாகச் சொல்ல முடியாது. அவரும் சொல்ல மாட்டார். இரண்டு பேருமே நிறுத்த விரும்பி, இரண்டு பேருமே நிறுத்தாமல், எண்ணூர் தாண்டி எங்கேயோ போய்ச் சேர்ந்த காலைகள் உண்டு.

விசாவுக்கான காகிதங்களை நான்கு பேருக்கும் நானே அடுக்கினேன். அதிகாரி புரட்டிப் பார்த்துவிட்டு, கேட்க ஒன்றுமில்லாமல் சற்று வருத்தப்பட்டார். என் வாழ்நாளின் மகிழ்ச்சியான தருணங்களில் அதுவும் ஒன்று.

அந்த ஊரைப் பற்றி வர்ணிக்க எனக்கு வராது. கடலே இல்லை, அதுதான் முதலில் உறுத்தியது. எந்தப் பக்கம் திரும்பினாலும் கண்ணுக்கு எதிரே மலை வந்து நின்றது. “இன்னா சம்பந்தி, நாலு பக்கமும் செவுரு கட்டி வச்சிக்கினு கீறானுங்க” என்றார் அவர். தெருவுக்குத் தெரு கல்தொட்டியில் குடிதண்ணீர் ஓயாமல் விழுந்துகொண்டிருந்தது. குழாயை மூடுவதற்கு ஆளைத் தேடினார் சம்பந்தி. குடம் வைத்துத் தண்ணீர் லாரிக்கு நின்ற ஊர்க்காரர், அந்தச் சத்தம் அவரைத் தூங்கவிடவில்லை. எங்களைவிட வயதான கிழவர்கள் வண்ண வண்ணமாக இறுக்கமான உடை போட்டுக்கொண்டு சைக்கிளில் மலை ஏறினார்கள், போகிற போக்கில் எங்களுக்குக் கையசைத்தார்கள். அவர்கள் உடையைப் பார்த்த பிறகு எங்கள் அரைக்கால் சட்டை மிகவும் கண்ணியமானதாகத் தோன்றியது.

முதல் ஞாயிறு நடை. மலைப்பாதையில் பாறைகள் மேலும் மரங்கள் மேலும் சிவப்பும் வெள்ளையுமாகக் கோடு போட்டு வழி காட்டியிருந்தார்கள். எனக்கு அந்த ஏற்பாடு மிகவும் பிடித்தது. ஒரு கோடு கண்ணை விட்டு மறைவதற்குள் அடுத்த கோடு வந்துவிடும், யாரையும் விசாரிக்க வேண்டாம். மாப்பிள்ளை முன்னால் போனார், சம்பந்தி அவருக்குப் பின்னால், நான் சம்பந்திக்குப் பின்னால். புதிய ஊர், வழுக்கும் பாதை, சம்பந்தியைத் தனியே விடக்கூடாது என்று நான் அவர் நிழலை மிதித்துக்கொண்டே நடந்தேன். கொஞ்ச தூரம் போனதும் அவர், “டேய் நைனா, உன்னாண்ட ஒண்ணு கேக்கணும்டா...” என்று ஆரம்பித்தார். மாப்பிள்ளை திரும்பினார். சம்பந்தியும் திரும்பி என்னைப் பார்த்தார்.

“...அந்த மாடு இன்னா வெல போவும்?” என்று முடித்தார்.

கழுத்தில் பெரிய மணி கட்டிய மாடு ஒன்று எங்களைப் பார்த்துக்கொண்டு நின்றது. மாப்பிள்ளைக்கு விலை தெரியவில்லை. ஓடையைத் தாண்டியதும் மறுபடி “டேய் நைனா...” வந்தது. இந்த முறை பாலத்தின் மரம் என்ன மரம் என்று கேட்டார். உச்சிக்குப் போவதற்குள் மேகம், ஆட்டுப்பால், மலைக்குடிலில் சமைக்கும் அம்மாளின் சம்பளம் எல்லாவற்றையும் விசாரித்துவிட்டார். எவ்வளவு ஆர்வமுள்ள மனிதர் என்று நான் வியந்தேன். அன்று வீட்டுக்கு வந்ததும் மனைவியிடம் சொல்லவும் செய்தேன்.

அவர் ஏன் என் எதிரில் கேட்கவில்லை என்பது எங்கள் ஊர்க்காரர்களுக்குச் சொல்லாமலே விளங்கும். மகனை ஊருக்குக் கூப்பிடுவது என்றால் மருமகளின் வேலையை விடச் சொல்வது. அதைப் பெண்ணைப் பெற்றவன் காதில் விழும்படி மாப்பிள்ளையின் அப்பா சொன்னால், கேள்வி கேள்வியாக இருக்காது, உத்தரவாகிவிடும். அந்தப் பேச்சுக்கு அவர் இடம் கொடுக்க மாட்டார். “நீங்க கொஞ்சம் பின்னாடி வாங்க சம்பந்தி” என்றும் சொல்ல மாட்டார். நானும் மரியாதை கருதி அவரை ஒரு நொடிகூடத் தனியே விடவில்லை. அடுத்த ஞாயிறு சைக்கிள். அப்போதும் அப்படியே. மகனோடு அவர் சேர்ந்து போகும் வளைவிலெல்லாம் நான் மூச்சு வாங்கிக்கொண்டு போய்ச் சேர்ந்துவிடுவேன். அவர் வாயை மூடிக்கொள்வார், அல்லது தேவாலய மணியின் எடையைக் கேட்பார்.

ஊர் திரும்புவதற்கு முந்தின ஞாயிறு வந்தது. அதற்கு முதல் நாள் மகள் என்னைப் பின்கட்டுக்குக் கூப்பிட்டாள்.

“அப்பா, நாளைக்கு நீங்க மலைக்குப் போகாதீங்க. மாமாவுக்கு அவர்கிட்ட தனியா ஏதோ பேசணுமாம். அத்தை பட்டாணி உரிச்சிக்கிட்டே வாய் தவறிச் சொல்லிட்டாங்க.”

“என்ன பேசணும்?”

“என்னவா இருக்கும்? எப்போ வர்றீங்கன்னுதான்.” அவள் துணிகளை உதறிக் கொடியில் போட்டாள். “நீங்கதான் நடுவுல போலீஸ்காரர் மாதிரி கூடவே போறீங்களே.”

“அவரே என்கிட்ட சொல்லக் கூடாதா?”

“சம்பந்திகிட்ட எப்படிப்பா சொல்லுவார்?” என்றாள் மகள். அது நியாயம்தான்.

மறுநாள் காலை சைக்கிள்கள் வாசலில் தயாராக நின்றன. நான் முழங்காலைத் தடவிக்கொண்டு, “முட்டி வலிக்குது, நீங்க ரெண்டு பேரும் போயிட்டு வாங்க” என்றேன். சம்பந்தி தலைக்கவசத்தைக் கழற்றிவிட்டார். “ஐய, உங்களுக்கு வலிக்கசொல்ல நான் மட்டும் எப்டி போறது? நானும் குந்திக்கிறேன். தைலம் கீதா சம்பந்தி, தேச்சி வுடட்டா?” மகள் என்னைப் பார்த்தாள். முட்டி வலி அந்த இடத்திலேயே குணமாகிவிட்டது என்று அறிவித்துவிட்டுச் சைக்கிளில் ஏறினேன்.

ஏற்றம் தொடங்கியதும் இரண்டாவது உபாயம். இறங்கி நின்று, “சங்கிலி சரியில்லபோல, நீங்க போங்க” என்றேன். எஞ்சின் பட்டறைக்காரரிடம் இதைச் சொல்வதற்கு முன் நான் யோசித்திருக்க வேண்டும். அவர் ஆர்வத்தோடு திரும்பி வந்து, குனிந்து, சங்கிலியைச் சுற்றிப் பார்த்து, “ஒண்ணுமே இல்லியே, சோக்கா கீது” என்று கையைத் துடைத்துக்கொண்டார். மாப்பிள்ளை இரண்டு கிழவர்களையும் பொறுமையாகப் பார்த்துக்கொண்டு நின்றார். நேரம் போய்க்கொண்டிருந்தது. அடுத்த நாளே எங்கள் பெட்டிகளைக் கட்ட வேண்டும், அதற்குப் பிறகு மறுபடியும் போன், மறுபடியும் “பாக்கலாம் நைனா”.

ஒரு வளைவில் சிறிய காபிக் கடை ஒன்று வந்தது. வெளியே இரண்டு மேசை, அருகில் தண்ணீர்த்தொட்டி. அப்போதுதான் எனக்கு அந்த யோசனை உதித்தது. சம்பந்தி மரியாதையோடு எங்கு வேண்டுமானாலும் கூட வருவார். ஓர் இடத்துக்கு மட்டும் வர முடியாது.

“சம்பந்தி,” என்றேன், குரலைத் தாழ்த்தி, “வயிறு சரியில்ல.”

அவர் முகத்தில் முதலில் அக்கறை வந்தது. பிறகு என்ன செய்வதென்று தெரியாத தவிப்பு. தைலமும் ஸ்பேனரும் பயன்படாத இடம். “ரொம்ப பேஜாரா கீதா?” என்றார்.

“ரொம்ப. நேரம் ஆகும். நீங்க மேல போயிட்டு வாங்க. இங்கேயே இருக்கேன்.” சொல்லிவிட்டு வயிற்றைப் பிடித்துக்கொண்டு கடைக்குள் ஓடினேன். என் வயதில் ஒருவர் அவ்வளவு வேகமாக ஓடினால் யாரும் சந்தேகப்பட மாட்டார்கள்.

ஜன்னல் வழியாகப் பார்த்தேன். அவர் சிறிது நேரம் நின்றார். பிறகு அப்பாவும் மகனும் சேர்ந்து மிதித்துக்கொண்டு போனார்கள்.

நான் வெளியே வந்து, காபி வாங்கிக்கொண்டு, மேலே பார்க்கும்படி உட்கார்ந்தேன். சாலை மலைமேல் மடிந்து மடிந்து போனது. என் தலைக்கு மேலே மூன்றாவது மடிப்பில் அவர்கள் சின்னதாகத் தெரிந்தார்கள். சம்பந்தி ஒரு கல்லில் உட்கார்ந்தார். மாப்பிள்ளை சைக்கிளைப் பிடித்துக்கொண்டு நின்றார். சம்பந்தியின் கை காற்றில் எழும்பிற்று, வீடு கட்டுவதுபோல மேலே ஒரு மாடி போட்டுக் காட்டிற்று. பேச்சு கேட்காவிட்டாலும் அந்தக் கை சொன்னது எனக்குப் புரிந்தது. அப்போதுதான், காபி ஆறிக்கொண்டிருக்க, எனக்கு வேறொன்றும் புரிந்தது. கேள்வி அவருடையது, பதில் எனக்கும் சேர்த்து. என் மகளிடம் நான் ஒரு நாளும் அதைக் கேட்டதில்லை. பெண்ணைப் பெற்றவன் “எப்போ வர்றீங்க” என்றால், மாப்பிள்ளையை வேலையைவிட்டு வரச் சொல்கிறான் என்று ஆகிவிடும். முறை தெரிந்தவன் வாயைத் திறக்க மாட்டான். எனக்குத்தான் எல்லா முறையும் தெரியுமே.

மேலே மாப்பிள்ளை பேசினார். அதிகம் பேசவில்லை. சம்பந்தியின் கை மடியில் இறங்கியது. மாப்பிள்ளை சைக்கிளைச் சாய்த்துவிட்டு அவர் பக்கத்தில் தரையில் உட்கார்ந்தார். இனித் திரும்பிவிடுவார்கள் என்று நான் எழுந்து நின்றேன். அவர்கள் திரும்பவில்லை. எழுந்து, மிதித்து, அடுத்த மடிப்பில் ஏறி, மறைந்துவிட்டார்கள்.

அவர்கள் இறங்கி வரும்போது வெயில் சாய்ந்திருந்தது. ஏறும்போதெல்லாம் முன்னால் போகும் மாப்பிள்ளை, இறக்கத்தில் பிரேக்கைப் பிடித்துப் பிடித்து அப்பாவுக்குப் பின்னால் வந்தார். சம்பந்தி எனக்கு எதிரே வந்து நின்றார். மாப்பிள்ளை குப்பியில் தண்ணீர் பிடிக்கத் தொட்டிப் பக்கம் போனார்.

“வவுறு எப்டி கீது சம்பந்தி?”

“இப்போ பரவாயில்லை.”

“முட்டி, செயினு, வவுறு. ஒரே காலைல எவ்ளோ கஷ்டம் உங்களுக்கு,” என்றார். சிரிப்பை அடக்கிக்கொண்டிருந்தார். பிறகு துண்டை எடுத்து முகத்தைத் துடைத்தார், வியர்வைக்குத் தேவையானதைவிட நீண்ட நேரம். “கேட்டேன் சம்பந்தி. வரமாட்டானாம். ‘இங்கதான் நைனா இருப்போம், உன்கிட்ட சொல்ல தெகிரியம் வரல’ன்னான். நேரா மூஞ்சியப் பாத்து சொன்னான். வருசா வருசம் வெள்ளையடிச்சிக்கினு கீறேனே, முன்னாடியே சொல்லியிருந்தா மாடிய வாடகைக்காச்சும் வுட்டுருப்பேன்ல, கஸ்மாலம்!” மகனைத்தான் திட்டினார். திட்டுக்குள் நிறைய வாஞ்சை இருந்தது. இன்று அந்த மாடியில் ஒரு நர்ஸ் அம்மாளின் குடும்பம் இருக்கிறது, அவர்கள் பிள்ளைகள் படிக்கட்டில் உருட்டும் சத்தத்தைச் சம்பந்தி எல்லோரிடமும் பெருமையாகக் குறை சொல்கிறார்.

அன்று அவர் சைக்கிள் கைப்பிடியில் சாய்ந்துகொண்டு என்னை நன்றாகப் பார்த்தார். “நீங்களும் உங்க பொண்ணாண்ட இத்த கேட்டதே இல்லல்ல?”

நான் காலிக் கோப்பையை மேசையில் நகர்த்தி வைத்தேன்.

“நான் கூடவே கீறேன்னுதானே கேக்கல? எனக்கும் அதே பேஜாருதான் சம்பந்தி.” அவர் குரலைத் தாழ்த்தினார். “சாப்பாட்டுக்கு அப்பால எனக்கு வவுறு சரியில்லாம பூடும். என் வூட்டுக்காரம்மாவுக்கும்தான். என் பையனுக்கும் பூடும், அத்த நான் பாத்துக்கிறேன். நீங்க கேளுங்க.”

“பதில்தான் தெரிஞ்சிபோச்சே.”

“தெரிஞ்சா இன்னா? எனக்கு மட்டும் முன்னாடி தெரியாதா? கேட்டுட்டு எறங்கசொல்ல இந்த எறக்கம் எப்டி சோக்கா கீது தெரியுமா?”

அந்த ஊரில் கோடைக்காலத்தில் சாப்பிட்டு முடித்த பிறகும் வெளிச்சம் இருக்கும். மலை உச்சி மஞ்சளாகத் தெரிந்துகொண்டிருந்தது. சம்பந்தி ரசத்தை முடித்துவிட்டு, வயிற்றைப் பிடித்துக்கொண்டு, நாடகத்தில் அடிபட்ட ராஜாவைப்போல எழுந்தார். சம்பந்தியம்மாள் சற்றுத் தாமதமாக நினைவு வந்து தன் வயிற்றைப் பிடித்துக்கொண்டாள். போகிற வழியில் என் மனைவியையும் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு போனாள். மாப்பிள்ளை ஒன்றும் புரியாமலே தன் அப்பாவின் பின்னால் போனார். சமையலறையில் மகள் தட்டுகளைக் கழுவிக்கொண்டிருந்தாள். காலியான நாற்காலிகளைத் திரும்பிப் பார்த்தாள்.

“என்னப்பா இது, உங்களுக்கும் வயிறு சரியில்லையா?”

“எனக்கு ஒண்ணுமில்ல,” என்றேன். “கையைத் தொடைச்சிட்டு வந்து ஒக்காரு. உன்கிட்ட ஒண்ணு கேக்கணும்.”